வீட்டில் செய்யும் சூரிய வடிகட்டி

சூரிய வடிகட்டி என்பது சூரியனை வெறும் கண்ணாலோ, தொலைநோக்கி, இருகண்நோக்கி, ஒளிப்படக்கருவி ஆகியவற்றின் ஊடாகவோ பார்ப்பதற்காக அதன் ஒளியைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைக்கும் ஒளியியல் சாதனம் ஆகும். சூரிய கிரகணம், சூரியப் புள்ளிகள், புதன் மற்றும் வெள்ளிக் கோள்களின் இடைநகர்வு ஆகியவற்றைக் காண இது பயன்படுகிறது. அட்டை, பசை, கத்தரிக்கோல் போன்ற எளிய பொருட்களைக் கொண்டு மாணவர்களும் ஆர்வலர்களும் இதனை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். எனினும், வீட்டில் செய்யத்தக்கது வடிகட்டியைத் தாங்கும் சட்டம் மட்டுமே. ஒளியைத் தடுக்கும் பொருள் அதற்கெனவே தயாரிக்கப்பட்டு, அளவிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஒரு பொருள் கண்ணுக்குக் கருமையாகத் தெரிவது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது.

கண்ணுக்கு ஏற்படும் பாதிப்பு

கண்ணின் வில்லை வெளியிலிருந்து வரும் ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. சூரியனை உற்றுநோக்கும்போது அதன் உருவம், கூர்மையான பார்வைக்குக் காரணமான விழித்திரையின் நடுப்பகுதியில் விழுகிறது. அங்கு இரு வகையான பாதிப்புகள் ஏற்படலாம். முதலாவது ஒளிவேதியியல் பாதிப்பு. நீல ஒளியும் அதனை அடுத்த புற ஊதாக் கதிர்களும் விழித்திரை உயிரணுக்களில் வேதி மாற்றங்களைத் தூண்டி அவற்றைச் சிதைக்கின்றன. இரண்டாவது வெப்பப் பாதிப்பு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் அண்மை அகச்சிவப்புக் கதிர்களும் விழித்திரையின் வெப்பநிலையை உயர்த்துகின்றன. வெப்பநிலை உயரும்போது ஒளிவேதியியல் பாதிப்பும் விரைவுபடுகிறது.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே பாதிப்பு நிகழும் வேளையில் பார்ப்பவருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள் காலையில், பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி அல்லது மங்கல் தோன்றும். எழுத்துகள் வளைந்து தெரியலாம், நிறங்கள் மாறித் தெரியலாம். பலருக்குச் சில மாதங்களில் ஓரளவு குணமாகிறது. சிலருக்குக் குறைபாடு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதற்கு உறுதியான மருத்துவச் சிகிச்சை இல்லை. 2017 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நிகழ்ந்த கிரகணத்தைப் பார்த்த ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைப் பின்னர் ஆய்ந்தபோது, அதில் பிறை வடிவத் தழும்பு காணப்பட்டது. கிரகண வேளையில் சூரியன் எந்த வடிவில் தெரிந்ததோ, அந்த வடிவமே விழித்திரையில் பதிந்திருந்தது.

கிரகணத்தின்போது சூரியனிடமிருந்து நச்சுக் கதிர்கள் வெளிவருகின்றன என்னும் கருத்து தவறானது. சூரிய ஒளி அன்றும் மற்ற நாட்களைப் போன்றதே. மற்ற நாட்களில் எவரும் சூரியனை உற்றுப் பார்ப்பதில்லை, கிரகண நாளில் பார்க்கிறார்கள் என்பதே வேறுபாடு. மேலும், சூரியனின் பெரும்பகுதி மறைந்த நிலையில் சுற்றுப்புறம் மங்குவதால் கண்பாவை விரிகிறது, கண் கூசுவதும் குறைகிறது. ஆனால் எஞ்சியிருக்கும் பிறையின் ஒவ்வொரு பகுதியும் முழுச் சூரியனின் அதே செறிவுடன் ஒளிர்கிறது. அப்பிறையின் உருவம் விழும் இடத்தில் விழித்திரை முழுத் தாக்கத்தையும் பெறுகிறது.

வரலாறு

கிரகணத்தைப் பார்ப்பதால் கண் கெடும் என்பது பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் பைடோ என்னும் உரையாடலில், சூரியனை நேராகப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வோரைப் பற்றிச் சாக்கிரட்டீஸ் குறிப்பிடுகிறார். நீரில் தெரியும் உருவத்தைப் பார்ப்பது அதற்கு மாற்றாக அங்கு சொல்லப்படுகிறது.

1610 ஆம் ஆண்டு முதல் தொலைநோக்கியின் துணையுடன் சூரியப் புள்ளிகள் நோக்கப்பட்டன. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட், செருமனியில் யோகான்னசு பப்ரீசியசு, கிறிஸ்தோப் ஷைனர், இத்தாலியில் கலிலியோ ஆகியோர் இத்துறையின் முன்னோடிகள் ஆவர். தொடக்கத்தில் இவர்களிற் சிலர் சூரியன் அடிவானத்தை நெருங்கும்போதோ மெல்லிய மேகத்தின் ஊடாகவோ நேராகப் பார்த்தனர். ஷைனர் நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ காஸ்டெல்லி, தொலைநோக்கி தரும் சூரிய உருவத்தைத் தாளில் வீழ்த்தி வரையும் முறையைக் கண்டார். கலிலியோ 1612 இல் வரைந்து 1613 இல் வெளியிட்ட சூரியப் புள்ளிப் படங்கள் இம்முறையில் உருவானவை. 1631 இல் புதனின் இடைநகர்வைக் கண்ட கசாண்டியும், 1639 இல் வெள்ளியின் இடைநகர்வைக் கண்ட ஜெரமையா ஹாராக்சும் இவ்வாறே வீழ்த்தல் முறையைக் கையாண்டனர்.

வடிகட்டிகளின் வரலாற்றில் 1800 ஆம் ஆண்டு முதன்மையானது. பெரிய தொலைநோக்கிகளில் சூரியனைப் பார்க்க ஏற்ற நிறக் கண்ணாடியைத் தேடிய வில்லியம் ஹெர்செல், ஒரு முரண்பாட்டைக் கவனித்தார். சில கண்ணாடிகளின் ஊடாக ஒளி மிகக் குறைவாக வந்தபோதும் கண்ணில் வெப்பம் உறைத்தது. வேறு சிலவற்றின் ஊடாக ஒளி மிகுதியாக வந்தபோதும் வெப்பம் அரிதாகவே உணரப்பட்டது. இதன் காரணத்தை அறிய அவர் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், எவ்வித ஒளியும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிர்கள் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். கண்ணால் பார்த்து ஒரு வடிகட்டியின் தரத்தை முடிவு செய்ய இயலாது என்னும் செய்தி அந்தக் கண்டுபிடிப்பிலேயே அடங்கியுள்ளது.

ஒளியடர்த்தி

வடிகட்டி எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பது ஒளியடர்த்தி என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. இது பத்தடி மடக்கை அளவு ஆகும். ஒளியடர்த்தி 1 எனில் பத்தில் ஒரு பங்கு ஒளியும், 2 எனில் நூறில் ஒரு பங்கும், 5 எனில் 1,00,000 இல் ஒரு பங்கும் மட்டுமே ஊடுருவும்.

சூரியனின் தோற்ற ஒளிப்பொலிவெண் ஏறத்தாழ −26.7, முழு நிலவினுடையது ஏறத்தாழ −12.7. அதாவது சூரியன் முழு நிலவைவிட ஏறத்தாழ 4,00,000 மடங்கு பொலிவானது. ஒளியடர்த்தி 5 உள்ள வடிகட்டி சூரியனை −14.2 என்னும் அளவுக்குக் குறைக்கிறது. இது முழு நிலவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கண்ணை உறுத்தாமல் பார்க்கத்தக்க நிலை இதுவே.

சூரியனை நேரடியாகப் பார்ப்பதற்கான வடிகட்டிகளுக்கெனப் பன்னாட்டுச் சீர்தர நிறுவனம் 2015 இல் ஐஎஸ்ஓ 12312-2 என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. இதன்படி கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 0.0032 விழுக்காட்டுக்கு மேல் ஊடுருவக் கூடாது. இது ஒளியடர்த்தி 4.5 க்குச் சமம். புற ஊதாக் கதிர்களுக்கும் அகச்சிவப்புக் கதிர்களுக்கும் தனித்தனி வரம்புகள் உள்ளன. 780 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புப் பகுதியில் 3 விழுக்காட்டுக்கு மேல் ஊடுருவக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கதிர்கள்

கண் உணரும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானது. ஆனால் ஏறத்தாழ 1400 நானோமீட்டர் வரையுள்ள அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணின் வில்லையையும் திரவத்தையும் ஊடுருவி விழித்திரையை அடைகின்றன. கண் அவற்றை உணராவிட்டாலும் அவற்றின் வெப்பம் அங்கு சேர்கிறது.

வண்ணப் படச்சுருள், நெகிழ் வட்டின் கரிய தகடு போன்ற பொருட்கள் புலனாகும் ஒளியை நன்கு தடுக்கின்றன. ஆனால் அகச்சிவப்புக் கதிர்களைத் தாராளமாக ஊடுருவ விடுகின்றன. மின்னணுவியல் ஆர்வலர்கள் இவ்விரண்டையும், அகச்சிவப்பை மட்டும் ஊடுருவவிடும் மலிவான வடிகட்டிகளாகவே வலைப்படக்கருவிகளில் பயன்படுத்தி வந்துள்ளனர். அவர்களுக்குப் பயன்பட்ட அதே பண்பு சூரியனைப் பார்ப்பவருக்குக் கேடாகிறது. இத்தகைய பொருளின் ஊடாகப் பார்க்கும்போது காட்சி மங்கலாக இருப்பதால் கண் கூசுவதில்லை. கண்பாவை விரிந்து கொடுக்கிறது. பார்ப்பவரும் நெடுநேரம் பார்க்கிறார். எனவே, வெறும் கண்ணால் நொடிப்பொழுது பார்ப்பவரைவிட இவர் மிகுதியான தீங்குக்கு உள்ளாகலாம்.

ஏற்ற பொருட்கள்

1. அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலம்: சூரியனைப் பார்ப்பதற்கெனத் தயாரிக்கப்படுவது. மெல்லிய நெகிழிப் படலத்தின் மேல் உலோகம் சீராகப் பூசப்பட்டிருக்கும். உலோகம் புலனாகும் ஒளியையும் அகச்சிவப்பையும் ஒருங்கே எதிரொளித்துத் தடுக்கிறது. செருமனியின் பாடர் பிளானட்டேரியம் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் படலம் இவ்வகையினது. இது 5.0, 3.8 என்னும் இரு ஒளியடர்த்திகளில் விற்கப்படுகிறது. 5.0 உடையது மட்டுமே கண்ணால் பார்ப்பதற்குரியது. 3.8 உடையது ஒளிப்படம் எடுப்பதற்கு மட்டும் உரியது. இவ்விரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், வாங்கியதும் சட்டத்தின் மேல் எண்ணை எழுதி வைத்தல் நன்று.

2. கருநெகிழிப் படலம்: நெகிழியினுள் கரித்துகள் சீராகக் கலந்து செய்யப்படுவது. கிரகணக் கண்ணாடிகள் பலவற்றில் இதுவே உள்ளது. சூரியன் இதன் ஊடாக இளஞ்சிவப்பு மஞ்சளாகத் தெரியும்.

3. வெல்டிங் கண்ணாடி: மின்வில் பற்றவைப்போர் முகக்கவசத்தில் பொருத்தும் கண்ணாடி. இதன் கருமை ஷேடு எண்ணால் குறிக்கப்படுகிறது. ஷேடு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 3 ஆல் பெருக்கி, 7 ஆல் வகுத்தால் ஒளியடர்த்தி கிடைக்கும். சூரியன் இதன் ஊடாகப் பச்சையாகத் தெரியும்.

ஷேடு எண்களின் ஒப்பீடு வருமாறு:

ஷேடு 10: ஒளியடர்த்தி 3.86, ஊடுருவும் ஒளி 0.014 விழுக்காடு
ஷேடு 12: ஒளியடர்த்தி 4.71, ஊடுருவும் ஒளி 0.0019 விழுக்காடு
ஷேடு 14: ஒளியடர்த்தி 5.57, ஊடுருவும் ஒளி 0.00027 விழுக்காடு

வெல்டிங் வேலைகளுக்குப் பொதுவாகப் பயன்படுபவை 9 முதல் 11 வரையிலான எண்ணுடையவை. ஷேடு 10 கண்ணாடி, சீர்தரம் அனுமதிப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான ஒளியை ஊடுருவ விடுகிறது. ஆகவே பட்டறையில் கிடைக்கும் கண்ணாடியை எண்ணைப் பாராமல் இரவல் வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. ஷேடு 12 கண்ணாடி வரம்புக்குள் இருந்தாலும் உச்சிவெயிலில் பலருக்குக் கண் கூசும். ஷேடு 14 பொருத்தமானது. எண் பொறிக்கப்படாத கண்ணாடியைத் தவிர்க்க வேண்டும். வெல்டிங் கண்ணாடி வெறும் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. இதன் ஒளியியல் தரம் தொலைநோக்கிக்கு ஏற்றதன்று.

பயன்படுத்தக் கூடாத பொருட்கள்

1. புகை படிந்த கண்ணாடி: கரி சீராகப் படிவதில்லை. கைபட்டால் அழிந்து இடைவெளி உண்டாகும். கரியின் தடிப்பை அளக்கவும் இயலாது.

2. குளிர்கண்ணாடி: இரண்டு மூன்று அடுக்கினாலும் போதாது. வழக்கமான குளிர்கண்ணாடி 10 முதல் 20 விழுக்காடு வரை ஒளியை ஊடுருவ விடுகிறது. இது சீர்தர வரம்பின் ஆயிரக்கணக்கான மடங்கு.

3. வண்ணப் படச்சுருள்: இதில் உலோக வெள்ளி இல்லை. சாயம் மட்டுமே உள்ளது. அகச்சிவப்பு தடையின்றிச் செல்லும்.

4. கருப்பு வெள்ளைப் படச்சுருள்: வெள்ளி அடங்கிய படச்சுருளை முழுவதும் ஒளிபடச் செய்து, கழுவி, இரண்டு அடுக்காகப் பயன்படுத்தும் வழக்கம் முன்பு இருந்தது. ஆனால் கருப்பு வெள்ளைச் சுருள்களிலும் சாயம் கொண்ட வகை உண்டு. கழுவிய பின் இரண்டையும் பார்வையால் பிரித்தறிவது கடினம்.

5. எக்ஸ்-கதிர்ப் படம்: நோயாளியின் எலும்பு உருவம் பதிந்த படத்தில் கருமை இடத்துக்கு இடம் மாறுபடும்.

6. குறுவட்டு, தின்பண்ட உறையின் வெள்ளித் தாள், அன்பளிப்புப் பொதியும் தாள்: இவற்றில் அலுமினியப் பூச்சு உள்ளது உண்மையே. ஆனால் பூச்சின் தடிப்பு பொருளுக்குப் பொருள் வேறுபடும். நுண்துளைகளும் மிகுதி.

7. மஞ்சள் நீர், சாணம் கரைத்த நீர்: பாத்திரத்தில் இத்தகைய நீரை வைத்துக் கிரகணத்தின் பிம்பத்தைப் பார்ப்பது தமிழகத்தில் வழக்கில் உள்ளது. சூரியன் உச்சியில் இருக்கும்போது நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கிறது. இது வரம்பைப் போல் 600 மடங்குக்கும் மேல். சூரியன் தாழ்ந்திருக்கும்போது எதிரொளிப்பு இன்னும் கூடும். மஞ்சளும் சாணமும் பாத்திரத்தின் அடிப்பகுதியை மறைக்கின்றனவே தவிர, மேற்பரப்பின் எதிரொளிப்பைக் குறைப்பதில்லை.

8. கண்ணருகு வில்லையில் திருகும் வடிகட்டி: பழைய சிறிய தொலைநோக்கிகள் சிலவற்றுடன் சிறு கருங்கண்ணாடி ஒன்று கொடுக்கப்பட்டது. இது ஒளி குவியும் இடத்துக்கு அருகில் இருப்பதால் வெப்பத்தால் திடீரென விரிசல் விடும். அவ்வேளையில் குவிந்த ஒளி முழுவதும் கண்ணில் பாயும். இத்தகைய வடிகட்டியை உடைத்து எறிந்துவிடுவதே நல்லது.

பாதுகாப்பற்ற இரண்டு பொருட்களை அடுக்கினால் பாதுகாப்பு உண்டாகும் என்று எண்ணுவதும் தவறு. இரண்டுமே அகச்சிவப்பை ஊடுருவ விடுபவை எனில், அடுக்கும்போது காட்சி மட்டுமே மங்கும்.

செய்முறை: பார்வை அட்டை

வெறும் கண்ணால் பார்ப்பதற்கான எளிய வடிகட்டி இது. தேவையான பொருட்கள்: தடித்த அட்டை இரண்டு (ஒவ்வொன்றும் 200 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம்), ஒளியடர்த்தி 5 உள்ள படலம் (150 மி.மீ. × 60 மி.மீ.), இருபுறமும் ஒட்டும் பட்டை.

1. இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் 130 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் உள்ள சாளரம் வெட்டவும்.
2. மேசையின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதன் மேல் படலத்தை வைக்கவும். படலத்தின் நடுப்பகுதியைக் கைவிரலால் தொடக் கூடாது.
3. ஓர் அட்டையில் சாளரத்தைச் சுற்றிலும் ஒட்டும் பட்டையை இடைவெளியின்றி ஒட்டி, அதனைப் படலத்தின் மேல் மெதுவாக அழுத்தவும்.
4. மறு அட்டையை அதன் மேல் ஒட்டவும். சாளரத்தின் விளிம்பில் ஒளி கசியும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது.

கிரகணக் கண்ணாடியைவிட இவ்வட்டை முகத்தின் பெரும்பகுதியை மறைப்பதால், பக்கவாட்டு வெயில் கண்ணில் விழுவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களும் எளிதாகப் பயன்படுத்தலாம்.

செய்முறை: தொலைநோக்கி மூடி

தொலைநோக்கியில் வடிகட்டி எப்போதும் முன்பக்கத்தில், பொருளருகு வில்லைக்கு வெளியே இருக்க வேண்டும். 60 மி.மீ. விட்டமுள்ள வில்லை, வெயிலில் 2 மி.மீ. ஆகச் சுருங்கிய கண்பாவையைப் போல 900 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. தெளிந்த வானில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட்டு ஆற்றல் விழுகிறது. அதன்படி இவ்வில்லை ஏறத்தாழ 2.8 வாட்டு ஆற்றலை ஒரு சிறு வட்டத்தில் குவிக்கும். 100 மி.மீ. வில்லை எனில் இது 7.9 வாட்டு. இந்த ஆற்றல் கருவிக்குள் நுழையும் முன்னரே தடுக்கப்பட வேண்டும்.

1. தொலைநோக்கிக் குழலின் முன்முனையின் வெளிவிட்டத்தை அளக்கவும்.
2. 50 மி.மீ. அகலமுள்ள அட்டைப் பட்டைகளை வெட்டவும். குழலின் மேல் ஒரு சுற்று மெல்லிய தாளைச் சுற்றி, அதன் மேல் அட்டைப் பட்டையைப் பசை தடவி மூன்று நான்கு சுற்றுகள் சுற்றவும். உலர்ந்ததும் தாளை நீக்கினால், குழலில் இறுக்கமாக அமர்ந்து கழற்றவும் முடிகின்ற ஒரு வளையம் கிடைக்கும்.
3. வளையத்தின் வெளிவிட்டத்துக்குச் சமமான இரு தட்டை வளையங்களை அட்டையில் வெட்டவும். அவற்றின் உள்துளை, பொருளருகு வில்லையின் விட்டத்தை ஒத்திருக்க வேண்டும்.
4. பார்வை அட்டையில் செய்தது போன்றே இரு தட்டை வளையங்களுக்கு இடையில் படலத்தை ஒட்டவும். படலத்தை இழுத்து முறுக்கக் கூடாது. சிறு சுருக்கங்கள் காட்சியைக் கெடுப்பதில்லை. இழுத்துக் கட்டுவதே உருவத்தைத் திரிபடையச் செய்கிறது.
5. இதனை உருளை வளையத்தின் முனையில் ஒட்டி, விளிம்பை ஒட்டுப்பட்டையால் மூடவும்.
6. பயன்படுத்தும்போது காற்றில் கழன்று விழாதவாறு மூடியைக் குழலுடன் ஒட்டுப்பட்டையாலும் பிணைக்க வேண்டும்.

இருகண்நோக்கிக்கு இரண்டு மூடிகள் தேவை. ஒன்று மட்டும் இருந்தால் மற்றக் குழலை ஒளி புகாத மூடியால் அடைக்க வேண்டும்.

சோதனை

ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதற்கு முன் வடிகட்டியைச் சோதிக்க வேண்டும். இருண்ட அறையில் பொலிவான கைவிளக்கின் முன் அதனைப் பிடித்து நுண்துளை, கீறல், பூச்சு உரிதல் ஆகியன உள்ளனவா என நோக்கவும். இருப்பின் படலத்தை மாற்றிவிட வேண்டும். நல்ல வடிகட்டியின் ஊடாக வீட்டுச் சுவர், மரம், சாளரம் போன்ற எதுவும் தெரியக் கூடாது. சூரியன் மட்டும் கூர்மையான விளிம்புடன், கண் கூசாத வட்டமாகத் தெரிய வேண்டும்.

அகச்சிவப்புக் கசிவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தொலைக்காட்சியின் தொலை இயக்கி அகச்சிவப்புக் கதிர்களால் இயங்குகிறது. அதன் முனையைக் கைப்பேசியின் படக்கருவியில் பார்த்தால், பொத்தானை அழுத்தும்போது ஒளிப்புள்ளி தெரியும். சில கைப்பேசிகளில் முன்பக்கப் படக்கருவியில் மட்டும் தெரியும். இடையில் சோதிக்க வேண்டிய பொருளை வைத்த பின்னும் ஒளிப்புள்ளி தெரிந்தால், அப்பொருள் அகச்சிவப்பை ஊடுருவ விடுகிறது என்று பொருள். அதனை விலக்கிவிடலாம்.

இச்சோதனைகள் அனைத்தும் தீய பொருளை விலக்க மட்டுமே உதவும். இவற்றில் தேறியதனாலேயே அறியாத ஒரு பொருள் நல்லது என்று ஆகிவிடாது. தொலை இயக்கி ஒரே ஓர் அலைநீளத்தை மட்டுமே சோதிக்கிறது. சரியான அளவீட்டுக்கு ஆய்வகத்தின் நிறமாலை ஒளிமானி தேவை. பொருளை அதன் தயாரிப்பாளரிடமிருந்தோ நம்பத்தக்க விற்பனையாளரிடமிருந்தோ வாங்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. சீர்தர எண்ணை அச்சிடுவது எவருக்கும் எளிது. 2017 கிரகணத்துக்கு முன் அமெரிக்காவில் போலிக் கண்ணாடிகள் பரவியபோது, பெரிய இணைய வணிக நிறுவனம் ஒன்று வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது.

பயன்படுத்தும் முறை

1. முதலில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று வடிகட்டியைக் கண்முன் பிடித்து, பின்னர் சூரியனை நோக்கித் திரும்ப வேண்டும். விலக்கும்போதும் திரும்பிய பின்னரே விலக்க வேண்டும்.
2. பார்வை அட்டையையோ கிரகணக் கண்ணாடியையோ அணிந்துகொண்டு வடிகட்டியில்லாத தொலைநோக்கியிலோ இருகண்நோக்கியிலோ பார்க்கக் கூடாது. குவிந்த ஒளி படலத்தை எரித்துவிடும்.
3. தொலைநோக்கியின் மேலுள்ள சிறு தேடு தொலைநோக்கியைக் கழற்றிவிட வேண்டும் அல்லது மூட வேண்டும். குழலின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்படி திருப்பினால் தொலைநோக்கி சூரியனை நோக்கி அமையும்.
4. சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பார்க்க வேண்டும். சூரியனை நோக்கிய தொலைநோக்கியைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது.
5. கண்ணால் பார்க்கும் காட்சிகாணியுடைய ஒளிப்படக்கருவிக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

வடிகட்டி தேவைப்படாத முறைகள்

தக்க படலம் கிடைக்காதபோது, கிடைத்ததைக் கொண்டு வடிகட்டி செய்வதைவிட வீழ்த்தல் முறையைக் கையாள்வது சிறந்தது. இம்முறையில் எவரும் சூரியனைப் பார்ப்பதில்லை. திரையில் விழும் அதன் உருவத்தையே பார்க்கின்றனர். ஒரே நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதும் பார்க்கலாம்.

ஊசித்துளை முறையில், அட்டையில் இட்ட 1 மி.மீ. துளையின் வழியாகச் சூரிய ஒளியை நிழலிலுள்ள வெள்ளைத் தாளில் விழச் செய்யலாம். சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அளவினது ஆதலால், உருவத்தின் விட்டம் துளைக்கும் தாளுக்கும் இடையிலான தொலைவில் ஏறத்தாழ 109 இல் ஒரு பங்கு இருக்கும். ஒரு மீட்டர் தொலைவில் 9 மி.மீ. உருவம் கிடைக்கும். கிரகண வேளையில் மரநிழலில் தரையெங்கும் பிறைகள் தெரிவதும் இதே காரணத்தால்தான். இலைகளுக்கு இடையிலான இடைவெளிகள் ஊசித்துளைகளாகின்றன.

பெரிய உருவம் தேவையெனில், ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை 10 மி.மீ. துளையிட்ட தாளால் மூடி, வெயிலை 25 மீட்டர் தொலைவிலுள்ள இருண்ட அறையின் சுவரில் எதிரொளிக்கச் செய்யலாம். ஏறத்தாழ 230 மி.மீ. விட்டமுள்ள சூரிய உருவம் கிடைக்கும். எதிரொளித்து வரும் கற்றையின் பாதையில் எவரும் கண்ணை வைக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரகண வகையும் வடிகட்டியும்

முழுச் சூரிய கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களில் மட்டும் வடிகட்டியின்றிப் பார்க்கலாம். பகுதிக் கிரகணத்திலும் கங்கண கிரகணத்திலும் அத்தகைய வேளை கிடையாது. தமிழ் பேசும் நிலப்பகுதிகளில் அண்மைக் காலத்தில் தெரிந்தவை கங்கண கிரகணங்களே. 2010 சனவரி 15 அன்று கன்னியாகுமரி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலும், 2019 திசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய இடங்களிலும் இலங்கையின் வடபகுதியிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. 2019 கிரகணத்தின் உச்ச நிலையிலும் சூரிய வட்டத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு எஞ்சியிருந்தது. அது ஏறத்தாழ 24,000 முழு நிலவுகளின் ஒளிக்குச் சமம். முழுக் கிரகணத்தைப் பற்றிய நூல்களில், வடிகட்டியை விலக்கலாம் என்று கூறப்படுவதைக் கங்கண கிரகணத்துக்குப் பொருத்திக்கொள்வது ஆபத்தானது.

தென்னிந்தியாவிலும் வட இலங்கையிலும் தெரியவுள்ள அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று நிகழும். அன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை வடிகட்டி கண்முன் இருந்தாக வேண்டும். கிரகணம் இல்லாத நாட்களிலும் இங்கு விவரித்த தொலைநோக்கி மூடியைக் கொண்டு சூரியப் புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வரலாம். புள்ளிகள் வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அவற்றின் நகர்வைக் கொண்டு சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தை மாணவர்கள் தாமே கணக்கிட முடியும்.